தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது

திண்டிவனத்தில் நம் மெக்கானிக்குகள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன். உங்கள் முகங்களைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினீர்கள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்குக் காது சுட்டது. அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் வெளிச்சம் கண்ணைத் தின்றுவிட்டது, இனி கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஷெட்டை மூடினேன். இல்லாவிட்டால் இன்னும் வேலை செய்யும் வயதுதான். கியர்பாக்ஸைப் பிரிப்பது, பம்ப்பைச் சரிசெய்வது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஃபோனில் பார்த்தே கற்றுக்கொண்டு விடுகிறீர்கள். நான் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. பயந்திருக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை பயப்படாமல் விட்டேன். அதைச் சொல்கிறேன்.

இது நடந்தது 2005இல், கடல் ஏறி வந்த மறு வருஷம். மரக்காணம் உப்பளங்களில் பாத்திகளைத் திரும்பக் கட்டி உப்பு எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் பாத்திகளுக்கு நடுவே போகிற மண்பாதைகள் பல இடங்களில் கரைந்து சேறாகவே கிடந்தன. சாதாரண லாரி உள்ளே போனால் அச்சு வரை புதையும். அதனால் அம்பாரமாகக் குவித்த உப்பைத் தார் ரோடு வரைக்கும் பெண்கள் தலையில் சுமந்தார்கள்.

ஏழுமலை என்பவர் அங்கே கொஞ்சம் அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பெரிய கை இல்லை. ஒரு நாள் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் இருந்த என் ஷெட்டுக்கு வந்து, "மேஸ்திரி, ஒரு வண்டி இருக்குது, வந்து பாரேன்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு பழைய மிலிட்டரி லாரி நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கிற ரகம். யாரோ ஏலத்தில் எடுத்து, அளத்துக்குள் உப்பு ஏற்றி ஓட்டி, ஓடாமல் போனதும் அங்கேயே விட்டுவிட்டார்கள். ஆறேழு வருஷமாக உப்புக் காற்றில் நின்ற வண்டி. கதவைத் திறக்கப் போனேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"ஓடுமா?" என்றார்.

பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல், "ஓடும்" என்றேன்.

"ஓடுனா போதும்பா. மழைக்கு முன்னாடி அம்பாரத்த ரோட்டுக்குக் கொண்டாந்துடணும். ஆனா எங்கிட்ட இருக்கறது இவ்ளோதான். இதுக்கு மேல கேக்காத. கேட்டாலும் இல்ல."

தலையாட்டினேன்.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் அந்த வண்டியோடு போயிற்று. என்ஜின் ஒரு பழைய வேனிலிருந்து வந்தது. டயர் கிளியனூரில் ஒருவர் கழித்துப் போட்டது. பின்பக்கத் தரைக்கு, கடல் உடைத்துப் போட்ட படகுகளின் பலகையைக் கேட்டு வாங்கினேன். முன்சக்கரத்தை இழுக்க வைக்கிற கியர் துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு வாரம் டீசலில் ஊறவைத்த பிறகுதான் அசைந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் மட்டும் இரண்டு டீ குடித்தேன்.

இனி சேஸுக்கு வருகிறேன். என்ஜின், கேபின், சுமை என்று எல்லாவற்றையும் தாங்குகிற அந்த இரண்டு நீள இரும்புகளில் இடதுபக்கத்து இரும்பை யாரோ முன்பே பலப்படுத்தி வைத்திருந்தார்கள். 'ப' வடிவ இரும்பு அது. திறந்திருந்த பக்கத்தில், நடுவே ஒரு ஆள் நீளத்துக்குத் தகடு வைத்து வெல்டு அடித்துப் பெட்டிபோல் மூடியிருந்தார்கள். தகட்டின் ஓரத்தில் என் உள்ளங்கை அளவுக்குத் துரு கொப்பளித்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

சுத்தியலை எடுத்துத் தட்டினேன். நான் தொழில் படித்தது திண்டிவனத்தில். அங்கே இரும்பைத் தட்டித்தான் பார்ப்போம். நல்ல இரும்பு 'ணங்' என்று நீளமாக ஒலிக்கும். உள்ளே அரித்த இரும்பு விரிசல் விட்ட பானைபோல் 'டப்' என்று சொல்லிவிடும். இது 'ணக்' என்றது. கெட்டியாக இருந்தது, ஆனால் ஒலி நீளவில்லை. இரட்டைத் தகட்டில் ஒலி அப்படித்தான் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். பார்த்தால் உள்ளே ஏதாவது இருக்கும். இருந்தால் ஏழுமலையிடம் போய் நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் ஆகும்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தகட்டைத் தொடவில்லை. துருவைச் சுரண்டிவிட்டேன். நல்ல தண்ணீரை டேங்கரில் வரவழைத்து மூன்று நாள் வண்டியை அடியோடு கழுவினேன். காய்ந்ததும் தாரையும் கழிவு ஆயிலையும் கலந்து இரண்டு கை பூசினேன். கருப்பாகப் பளபளத்தது. துரு இருந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை.

புரட்டாசியில் வண்டியை அளத்துக்கு ஓட்டிப் போனோம். டிரைவர் மணி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தான். சுமைப் பெண்கள் பாத்தியிலிருந்து ஏறி வந்து சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு அஞ்சலை என்பவள்தான் தலைவி மாதிரி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வாய் அதிகம். அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏண்ணா, நீ ஏறுவியா இதுல?"

தலையாட்டினேன்.

"தலைய தலைய ஆட்டாத. மாடு கூட ஆட்டும். வாயத் தொறந்து சொல்லு, நம்பி ஏறலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கையில் சுத்தியல் இருந்தது. குனிந்து அதே இடத்தில், இடதுபக்கத் தகட்டின் மேல் தட்டிக் காட்டினேன்.

"ணக்குன்னுது," என்றாள் அஞ்சலை. "நம்ம அம்பாரத்து மேல தட்டுனாலும் இதே சத்தந்தாண்ணா வருது."

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். வெயிலில் இறுகிய அம்பாரம் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். மண்வெட்டி பட்டால் தெறிக்கும். அவள் விளையாட்டாகச் சொன்னது உண்மையில் என்ன என்று யோசிக்க எனக்கு இன்னும் பத்து நாள் ஆயிற்று.

அந்தப் பத்து நாளும் வண்டி நன்றாகவே ஓடியது. பாதையைச் சரிபண்ணக் கல்லும் மண்ணும் அடித்தார்கள். லேசான தூறல். சேற்றில் இறங்கி ஏறியது. ஏழுமலை வழியில் பார்த்தபோது என் தோளில் தட்டினார். அவர் அப்படித் தட்டுகிற ஆள் இல்லை.

பத்தாம் நாள் காலையில் மணி வண்டியை ஷெட்டுக்குக் கொண்டு வந்தான். ஹாரன் வேலை செய்யவில்லை.

"சீக்கிரம் மேஸ்திரி. கடல்ல காத்தழுத்தமாம், ரேடியோல சொல்லிட்டான். இன்னிக்குதான் உப்ப ஏத்தவே ஆரம்பிக்கறோம். அத்தினியும் இன்னிக்கே ரோட்டுக்கு வந்துடணுமாம். மொதலாளி தலைகீழா நிக்கறாரு."

"பொம்பளைங்க?"

"மேலதான் உக்காருவாங்க. பாதைல கால் வெக்க முடியல, நடந்து எங்க வர்றது?"

ஒயரை மாற்றினேன். போய்விட்டான். இரவு பெய்த மழையில் வண்டி நனைந்திருந்ததால், அது நின்ற சிமெண்ட் தரை ஈரமாக இருந்தது. ஒரு மணி நேரம் வெயில் அடித்தது. வேறு வேலையாக அந்தப் பக்கம் நடந்தபோது தரையில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. ஆள் நீளம். வண்டியின் இடதுபக்கம் நின்ற இடத்தில் மட்டும்.

குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

வண்டியில் இன்னும் ஒரு மூட்டை உப்பும் ஏறவில்லை. பலகை நான் மாற்றிப் போட்டது. அடிப்பக்கத்தை மூன்று நாள் கழுவியது நான். சேற்று உப்பாக இருந்தால் நான்கு பக்கமும் சொட்டியிருக்கும். இது ஒரே நேர்க்கோடாக, தகடு வைத்து மூடிய நீளத்துக்கு மட்டும் இருந்தது.

அப்போதுதான் அஞ்சலையின் குரல் காதில் கேட்டது. அம்பாரத்தின் மேல் தட்டினாலும் இதே சத்தம்.

வருஷக்கணக்காக அந்த வண்டி மூட்டை இல்லாமல் உதிரி உப்பு ஓட்டியிருக்கிறது. பலகை இடுக்கில் கொட்டிய உப்பு, மேலிருக்கும் போல்ட் ஓட்டைகள் வழியாகப் பெட்டிக்குள் இறங்கி, நனைந்து, காய்ந்து, கல்லாகியிருக்கிறது. இரும்பை அது உள்ளிருந்து தின்றுவிட்டது. தின்ற இடத்தில் தானே நின்றுகொண்டு என் சுத்தியலுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. கடல் இல்லாத திண்டிவனத்தில் பழகிய காதை நான் உப்பளத்துக்குக் கொண்டு வந்திருந்தேன். இப்போது மழைத் தண்ணீர் போய் உப்பு கரைந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. கரைந்த பிறகு அந்த இடத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

உடனே ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. தரையை இன்னொருமுறை தொட்டு நக்கிப் பார்த்தேன். தாரில் ஏதாவது கலந்திருக்கும் என்று நினைத்தேன். பத்து நாள் ஓடிய வண்டி இன்னொரு நாள் ஓடாதா என்று நினைத்தேன். நாளைக்கு மணியை வரச்சொல்லி நைசாகத் தகட்டை மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றுகூட நினைத்தேன். அங்கே போனால் எல்லோர் முன்னாலும் நின்று, என் வேலை தப்பு என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றில் கை வைத்தேன், பிசைய முடியவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றாள் என் மனைவி.

"அந்த வண்டி."

"ஓடலயா?"

"ஓடுது."

அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். நான் கை கழுவிக்கொண்டு எழுந்தேன். சுத்தியலையும், இரும்பில் ஓட்டை போடுகிற கூர்முனைப் பஞ்ச் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்தேன்.

வானம் கிழக்கே இருண்டிருந்தது. வழியெல்லாம் எனக்கு ஒரே படம்தான். அளத்திலிருந்து ரோட்டுக்கு வரும் வழியில் வாய்க்கால் மேல் ஒரு மதகு உண்டு. குறுகலானது, பக்கச்சுவர் கிடையாது. வண்டி அதன் மேல் ஏறி நடுவில் நிற்கும்போது மொத்தச் சுமையும் சேஸின் நடுவில் வரும். அங்கே முறிந்தால், மூட்டையோடு பெண்கள் நேராக வாய்க்காலில்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஒரு நடை போய் வந்துவிட்டது. இரண்டாம் நடைக்கு மூட்டை அடுக்கி, அதன் மேல் ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மணி என்ஜினைக் கிளப்பிவிட்டான். நான் மொபெட்டை வண்டிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினேன்.

"இன்னா மேஸ்திரி, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்குது? வீட்ல அடியா?" என்றான் மணி. மேலே சிரித்தார்கள்.

ஏழுமலை குடையோடு ஓடி வந்தார். "ஏம்பா, வழிய விடு. மழ வந்துக்கினே இருக்குது."

"மொதலாளி, வண்டி வேணாங்க."

"இன்னா?"

"வேணாங்க."

"சத்தமா சொல்லேன்யா! இன்னா வேணாம்?"

சேஸ், தகடு, உப்பு, மதகு எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வந்தன, ஒன்றும் வெளியே வரவில்லை. அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "நாளைக்குப் பேசிக்கலாம், மொதல்ல நவுரு." மணி ஹாரன் அடித்தான். நான் போட்டுக்கொடுத்த ஹாரன்.

நிமிர்ந்து அஞ்சலையைப் பார்த்தேன். அவளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"நான் இதுல ஏற மாட்டேன்மா."

அவள் சிரிப்பு நின்றது. மற்ற பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் எறங்குங்கடி."

"இப்பதானேக்கா ஏறுனோம்?"

"எறங்குடின்னா எறங்கு."

ஒருத்தி பின் ஒருத்தியாகக் குதித்தார்கள். ஏழுமலை கத்தினார். "ஏய் அஞ்சல, அவன்தான் லூசு மாதிரி நிக்கறான், ஒனக்கு இன்னா வந்துது?"

"அவுருதான் செஞ்சாரு. அவுரே ஏற மாட்டன்றாரு. நீ ஏறு மொதலாளி, பின்னாடியே நாங்க வர்றோம்."

என்ஜினை நிறுத்தச் சொன்னேன். இப்போது குரல் வந்தது. சேற்றில் மல்லாந்து படுத்து, இடதுபக்கத் தகட்டில் பஞ்ச்சை வைத்து அடித்தேன். அந்தக் கனத்துக்கு நல்ல இரும்பு என்றால் பத்து அடிக்கும் ஒரு பொட்டுதான் விழும். மூன்றாம் அடியில் பஞ்ச் என் விரல் வரைக்கும் உள்ளே போனது. பிடுங்கினேன். பழுப்பாக உப்புக்கூழ் வழிந்தது, பின்னாலேயே தண்ணீர், என் கழுத்தில். எழுந்து விரலை ஓட்டைக்குள் விட்டு இழுத்தேன். தகடு அப்பளம்போல் கையோடு உடைந்து வந்தது. உள்ளே சேஸ் இரும்பின் அடி ஓரம் முக்கால்வாசிக்கு இல்லவே இல்லை.

மணி இறங்கி வந்து பார்த்துவிட்டு, தான் முதல் நடை ஓட்டி வந்த மதகைத் திரும்பிப் பார்த்தான்.

ஏழுமலை கேட்டார். "இத அன்னிக்கே அடிச்சிருக்கலாமேய்யா. மூணு அடிதானே?"

மூன்று அடிதான்.

சொன்னேன். துருவைப் பார்த்தது, தகட்டைத் திறக்காதது, தார் பூசியது, எல்லாம். அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை. அவர் குடையை மடக்கினார். மழை அப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தது.

"இதுக்கு மேல இல்லன்னு சொன்னேன். சொல்றதுதான்யா எல்லாரும். நீ வாயத் தொறந்து கேட்டிருந்தா எங்கியாவது பொரட்டியிருக்க மாட்டனா? ஒன்பது பேருய்யா."

இதை அவர் கோபமாகக் கத்திச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

பெண்கள் மூட்டையை இறக்கித் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். நானும் ஒன்றைத் தூக்கினேன். பாதி வழியில் கால் வழுக்கி மூட்டையோடு விழுந்தேன். "விடுண்ணா, ஒன்னத் தூக்க எங்களுக்குத் தெம்பு இல்ல," என்றாள் அஞ்சலை. மழை பிடித்துக்கொண்டது. அம்பாரத்தின் மேல் கீற்றை அள்ளிப் போட்டார்கள். பாதிக்கு மேல் கரைந்து வாய்க்காலில் போனது. அந்த வருஷ உழைப்பு அவர்களுக்கு அது.

காலி வண்டியை நானே மெதுவாக ஓட்டித் திரும்பக் கொண்டு வந்தேன். கழித்துப் போட்ட லாரி ஒன்றிலிருந்து நல்ல இரும்பு எடுத்து, இரண்டு பக்கமும் சேஸை மாற்றினேன். எவ்வளவு ஆகும் என்று ஏழுமலை கேட்டதற்கு, இது என் வேலை என்று சொல்லிவிட்டேன். இந்த முறை எங்கேயும் மூடவில்லை. யார் வேண்டுமானாலும் கையை விட்டுத் துழாவிப் பார்க்கிற மாதிரி நீளம் முழுக்கத் திறந்தே விட்டேன். தாரும் பூசவில்லை. துரு வந்தால் தெரியட்டும் என்று சிவப்புப் பெயிண்ட் மட்டும் அடித்தேன்.

தை பிறந்து, 2006இல் புது உப்பு எடுக்க ஆரம்பித்தபோது வண்டி மறுபடியும் அளத்துக்குப் போனது. இந்த முறை ஹாரன் சத்தம் இல்லை. மூட்டையை அடுக்கிய பிறகும் பெண்கள் தள்ளியே நின்றார்கள். நான் பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன்.

"சத்தமெல்லாம் வேணாம்ணா," என்றாள் அஞ்சலை.

பாட்டிலில் இருந்த குடிதண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினாள். அவர்கள் கை எப்போதும் கரிக்கும் என்பதால் இரண்டுமுறை கழுவிப் புடவையில் துடைத்தாள். குனிந்து, இடதுபக்கச் சேஸுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிக்கொண்டே போனாள். வெளியே எடுத்தாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

அவள் டயரில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மூட்டையைத் தட்டினாள்.

"இன்னாண்ணா பாக்கற? நீயும் ஏறு."

ஏறினேன். பிறகு மற்றவர்கள் ஏறினார்கள். மதகின் மேல் வண்டி போகும்போது அவர்கள் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு, கீழே இரும்பு என்ன சொல்கிறது என்று காதைக் கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.